யார் வீட்டு வாசலிலோ நின்று எடுத்த படம்: தாய்லாந்து ஓய்வுக்கால விசாவுக்கு முகவரி விற்பவர்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் தாய்லாந்து விசா விண்ணப்பத்துக்காக எடுத்த ஒரு படத்தை அனுப்பி, "இப்படி நின்று எடுத்தால் போதுமாம், சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்டிருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதை, மூடிய கதவு, மேலே வீட்டு எண். கதவுக்கு முன்னால் அவர் கைகட்டி நிற்கிறார். காலடியில் ஓரம் பிய்ந்த நீல மிதியடி. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2024 டிசம்பரில் அதே கதவுக்கு முன்னால், அதே மிதியடி மேல் நானும் நின்றிருக்கிறேன். அவரை உடனே போனில் பிடித்துப் பேசிவிட்டேன். இன்னும் எத்தனை பேரை அந்த வாசலில் நிற்க வைத்திருக்கிறார்களோ, அதனால்தான் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வயது 59. கணவர் இறந்தபின் இருந்த வீட்டை விற்றுவிட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். கொஞ்ச நாள் மகள் வீடு, கொஞ்ச நாள் மகன் வீடு, மற்ற நேரம் வாடகை அறை. எனக்கென்று ஒரு கதவு எண் எங்கேயும் கிடையாது. தாய்லாந்தில் ஆண்டில் பெரும்பகுதி இருக்கலாம், சியாங் மாயில் ரெண்டு மாதம், ஹுவா ஹின்னில் ஒரு மாதம் என்று இடம் மாறி மாறி வாழலாம் என்பதுதான் திட்டம். 50 வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வுக்காலத் தங்கல் அனுமதி உண்டு. தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8,00,000 பாட் காட்டினால் போதும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். வீடு விற்ற பணம் இருந்தது, தகுதிக்கு எந்தக் குறையும் இல்லை. விண்ணப்பத்தில் 'தாய்லாந்து முகவரி' என்ற கட்டத்தைப் பார்த்ததும்தான் கை நின்றது.

அந்தப் பயத்தில்தான் ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். அவர் தமிழ் பேசினார். வெளிநாட்டில் தனியாக இருக்கும்போது "அம்மா, சாப்பிட்டீங்களா" என்று ஒருவர் கேட்டாலே பாதி சந்தேகம் போய்விடும். "முகவரி எங்க பொறுப்பும்மா. உங்களை மாதிரி நூறு பேருக்குப் பண்ணியாச்சு. நீங்க எங்க வேணா போய் இருங்க, பேப்பர் ஒரு இடத்துல இருந்தா போதும்" என்றார். கேட்ட தொகை 38,000 பாட், பாதி முன்பணம். சுற்றுலா அனுமதியை 90 நாள் 'நான்-இமிகிரன்ட் ஓ' (Non-Immigrant O, ஓராண்டு நீட்டிப்புக்கு முன்படியான விசா) விசாவாக மாற்ற அரசுக் கட்டணம் 2,000 பாட், அதன்பின் ஓராண்டு நீட்டிப்புக்கு 1,900 பாட், ஆக மொத்தம் 3,900 என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்னவோ. மனிதர் பயத்தில் இருக்கும்போது கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொன்னார்: "8 லட்சத்தையும் எங்க கணக்குக்கு அனுப்பிடுங்க, நாங்க உங்க பேர்ல போட்டுக் காட்டிடறோம்." அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பணம் என் பெயரில், என் பாஸ்புக்கில்தான் இருக்கும் என்று பிடிவாதமாக நின்றேன். அந்த ஒரு பிடிவாதம்தான் என்னைக் காப்பாற்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பாங்காக்கை ஒட்டிய மாகாணம் ஒன்றுக்கு என்னைக் காரில் கூட்டிப்போனார். ஏழாவது மாடி. விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வழி காட்டும் வரைபடமும், வீட்டின் முன் விண்ணப்பதாரர் நிற்கும் படமும் பல குடிவரவு அலுவலகங்களில் கேட்பார்கள், அதற்காகத்தான். கதவு பக்கத்தில் ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பு கிடந்தது. அதை அவர் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "இங்க நில்லுங்கம்மா" என்று படம் எடுத்தார். உள்ளே டி.வி. ஓடும் சத்தம் கேட்டது. யார் இருக்கிறார்கள் என்றேன். "நம்ம ஃப்ரெண்டு வீடுதான்." சாவி என் கையில் தரவே இல்லை. வாடகை ஒப்பந்தம் என்று நாலு பக்கம் தாய் மொழியில் வந்தது, கையெழுத்துப் போட்டேன். வங்கிக் கணக்கையும் அதே முகவரியில்தான் திறந்து கொடுத்தார். செருப்பைப் பார்த்தபோதே திரும்பியிருக்க வேண்டும் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

பாஸ்போர்ட்டை 'ஃபைல் பண்ண' என்று வாங்கிப்போனவர் 19 நாள் திருப்பித் தரவில்லை. கேட்டால் நாளைக்கு, நாளைக்கு. பாஸ்போர்ட் இல்லாமல் வேறு விடுதிக்கு மாறக்கூட முடியாது, எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கடைசியில் 90 நாள் முத்திரையோடு வந்தது. சரி, வேலை நடந்துவிட்டது என்று நிம்மதியாக ஹுவா ஹின் போனேன்.

அங்கேதான் எல்லாம் உடைந்தது, அதுவும் ஒரு நேர்மையான மனுஷியால். நான் தங்கிய விருந்தினர் இல்லத்தின் உரிமையாளர் வந்த அன்றே என் பாஸ்போர்ட்டை வாங்கி டிஎம்30 பதிவு செய்துவிட்டார். இது என்ன என்று தெரியாதவர்களுக்கு: 1979ஆம் ஆண்டின் தாய்லாந்து குடிவரவுச் சட்டம் 38ஆவது பிரிவின்படி, வெளிநாட்டவர் தங்கும் வீட்டின் உரிமையாளரோ விடுதி நடத்துபவரோ 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தின் பெயர்தான் டிஎம்30. நேரில் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். ஆக, நீங்கள் இரவு தூங்கும் இடம் ஒவ்வொன்றும் அவர்கள் கணினியில் ஏறிக்கொண்டே இருக்கிறது. "பேப்பர் ஒரு இடம், ஆள் ஒரு இடம்" என்ற ஏஜென்டின் பேச்சு ஏன் செல்லாது என்பது இதில் இருக்கிறது. நல்ல விடுதி எதில் தங்கினாலும் அந்தப் பொய் முகவரி தானாகவே கலைந்துவிடும்.

2025 மார்ச்சில் ஓராண்டு நீட்டிப்புக்காக ஏஜென்டோடு அந்த மாகாண அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பாஸ்புக்கைப் புரட்டினார், தலையாட்டினார். பிறகு திரையைப் பார்த்தார். திரையை என் பக்கம் லேசாகத் திருப்பி, விரலால் ஒரு வரியைத் தொட்டார். ஹுவா ஹின். அடுத்து ஒப்பந்தத்தில் இருந்த வீட்டு உரிமையாளரின் எண்ணுக்கு என் முன்னாலேயே போன் போட்டார். ரெண்டு நிமிடம் தாய் மொழியில் பேச்சு. வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: அந்த வீட்டில் மூன்று வருடமாக வேறொரு குடும்பம் குடியிருக்கிறது, உரிமையாளருக்கு உங்களைத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் உட்கார்ந்திருந்த ஏஜென்டைக் காணவில்லை.

அந்த அம்மா நினைத்திருந்தால் வழக்குப் போட்டிருக்கலாம். அரசு அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுப்பது தாய்லாந்தில் குற்றம், கையெழுத்து என்னுடையது. "நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அனுமதி முடிவதற்குள் கிளம்பிவிடுங்கள்" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். மீதம் இருந்தது 17 நாள். அனுமதி நாள் தாண்டினால் ஒரு நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. அபராதமாவது பரவாயில்லை, தாண்டிய நிலையில் பிடிபட்டால் ஒரு நாள் தாண்டியிருந்தாலும் ஐந்து வருடம் நுழையத் தடை உண்டு. நான் பத்தாவது நாளே மகள் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டேன். அந்த நபருக்கு எத்தனை முறை அழைத்தாலும் எண் அணைக்கப்பட்டிருந்தது. 38,000 பாட்டும் போனது. பணத்தை விட, அந்த மேசைக்கு முன்னால் நின்ற நிமிடம்தான் இன்னும் தூக்கத்தில் வருகிறது. முப்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள்கூட யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது, இந்தப் பொய் எனக்குத் தேவையே படவில்லை என்பது. நிலையான முகவரி என்றால் சொந்த வீடு, நிரந்தர வீடு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவர்கள் கேட்பது அதுவல்ல. இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள், அதற்கு வீட்டுக்காரர் பொறுப்பேற்றுப் பதிந்திருக்கிறாரா, இவ்வளவுதான். 2025 ஜூலையில் திரும்பிப் போய், சியாங் மாயில் ஒற்றை அறை ஒன்றை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தேன். அறையைப் பார்க்கும் முன்பே வீட்டுக்கார அம்மாளிடம் கேட்ட முதல் கேள்வி, "டிஎம்30 பதிவீர்களா?" அவர் என் முன்னாலேயே போனில் பதிந்து, ரசீதை அச்செடுத்துக் கொடுத்தார். 'தபியன் பான்' என்று அவர்கள் சொல்லும் வீட்டுப் பதிவேட்டின் நகல், தன் அடையாள அட்டை நகல் ரெண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வங்கிக்குப் போய்ப் பழைய பொய் முகவரியையும் மாற்றினேன். அனுமதியில் 15 நாளுக்குக் குறையாமல் மீதம் இருக்கும்போதே விசா மாற்றத்துக்குக் கொடுத்தேன். நவம்பரில் ஓராண்டு நீட்டிப்பும் கிடைத்தது. செலவு அந்த 3,900 பாட், பணம் இருப்பதைக் காட்டும் வங்கிக் கடிதத்துக்குக் கொஞ்சம், நகல் எடுத்த சில்லறை.

ஊர் ஊராகப் போவதை நான் விடவில்லை. அந்தச் சின்ன அறையை ஆண்டு முழுக்க வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வேறு மாகாணத்தில் ரெண்டு வாரம் இருந்தால் அங்குள்ள விடுதி பதியும், திரும்பி வந்ததும் வீட்டுக்கார அம்மா மறுபடி பதிவார். தொடர்ந்து 90 நாள் நாட்டில் இருந்தால் கொடுக்க வேண்டிய டிஎம்47 அறிக்கையையும் இந்த முகவரியிலிருந்தே கொடுக்கிறேன். அதைத் தவறவிட்டால் 2,000 பாட் அபராதம். நாட்டை விட்டு வெளியே போவதானால் கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதி எடுக்க வேண்டும், ஒருமுறைக்கு 1,000 பாட். எடுக்காமல் போனால் ஓராண்டு அனுமதி அப்படியே ரத்தாகிவிடும்.

அறை தேடும்போது ஒரு கண் வையுங்கள். நாள் வாடகைக்கு விடப்படும் கான்டோ (அடுக்குமாடி) வீடுகளில் பல, விடுதி உரிமம் இல்லாமல் நடப்பவை. அந்த வீட்டுக்காரர்கள் டிஎம்30 பதிய மாட்டார்கள், பதிந்தால் அவர்களே மாட்டிக்கொள்வார்கள். மாத வாடகைக்கு எடுத்தாலும் "வரிப் பிரச்சினை வரும், பதிவெல்லாம் வேண்டாம்" என்று ஒருவர் இழுத்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த அறை நமக்கு வேண்டாம்.

பண விஷயத்தில் ஒரு வார்த்தை. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் ரெண்டு மாதம் 8,00,000 பாட் கணக்கில் இருந்திருக்க வேண்டும். கிடைத்தபின் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகும் 4,00,000க்குக் கீழே இறங்கக்கூடாது. ஏஜென்ட் ரெண்டு நாளைக்குப் போட்டுக் காட்டும் பணம் அடுத்த வருடப் பாஸ்புக்கில் உங்களைத்தான் காட்டிக்கொடுக்கும்.

எல்லா ஏஜென்டும் இப்படி என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க, வரிசையில் கூட நிற்க உதவி வேண்டுமானால் காசு கொடுத்து வாங்குங்கள், தப்பில்லை. நீங்கள் ஒரு இரவுகூடத் தூங்காத வீட்டின் முகவரியை யாராவது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே போய்க் கையோடு வாங்குங்கள். தர மறுத்தால் சுற்றுலாக் காவல்துறையின் 1155 எண்ணுக்கு அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அனுமதி முடியும் தேதியைப் பாருங்கள், எந்த மாகாண அலுவலகத்தின் முத்திரை என்று பாருங்கள். வங்கிக் கணக்கு எந்த முகவரியில் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் இருந்தால் தாய் மொழி தெரிந்த யாரிடமாவது கொடுத்து, அதில் வீட்டு உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். நான் அதைப் படிக்கக் கேட்டது மார்ச்சில், எல்லாம் முடிந்த பிறகு.