தங்கச்சிமடத்துத் தோட்டத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர்

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் எங்களுக்கு மல்லிகை நாற்றுத் தோட்டம். மதுரைப் பக்கம் பூ விவசாயம் செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும், நாற்று வாங்க எங்கள் ஊருக்கு வண்டி வந்து நிற்கும். விடிந்ததும் பெண்கள் வந்து பாத்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். களை எடுப்பது, தண்ணீர் விடுவது, நாற்றைப் பிடுங்கிக் கட்டுக் கட்டுவது என்று உச்சிப்பொழுது வரை வேலை ஓடும். பாட்டு இல்லாவிட்டால் ஓடாது, நகரும். இத்தனை நாளும் போனை ஒரு காலி பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டுப் பாட விட்டோம். அந்த வாளிக்குப் பதிலாக வந்ததுதான் இந்த ஸ்பீக்கர்.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில், ஐயாயிரத்துக்குள் வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இந்த விலைக்கு உருளையாக வருகிற ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 20 வாட், தூசிக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்பதற்கு ஐபி67 என்ற எண், 12 மணி நேரம் பாடும் என்று அட்டைப்பெட்டியில் ஒரு வாக்குறுதி, அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதல் எடை, தொங்கவிட ஒரு கயிறு, டைப்-சி சார்ஜ். எங்கள் மாதிரி இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் இது எப்படி உழைக்கிறது என்பதுதான் எனக்குப் பேச வேண்டிய விஷயம்.

வீட்டுக்குள் சத்தம் நன்றாக இருக்கிறது. முதலில் நடு மேசையில் வைத்துக் கேட்டோம். தவில் தகர டப்பா மாதிரி இருந்தது. அதையே சுவர் மூலையில் அலமாரித் தட்டுக்கு மாற்றினால் தவில் தவிலாகிவிட்டது. அடிச்சத்தம், அதாவது பேஸ், எல்லாப் பக்கமும் பரவும் குணமுள்ளது. பின்னால் சுவர் இருந்தால் அது திரும்பி நம் பக்கம் வந்து சேர்கிறது, மூலை என்றால் இரண்டு சுவரிலிருந்து வருகிறது. உருளையின் இரு முனையிலும் அதிருகிற வட்டங்கள் தனி ஸ்பீக்கர்கள் இல்லை. உள்ளே அடைபட்ட காற்று தள்ளுவதால் ஆடுகிற சவ்வுகள், அவ்வளவுதான். அவற்றைச் சுவரோடு ஒட்டி அடைத்துவிடாமல் நான்கு விரல் இடம் விட்டால் போதும்.

முக்கால் பங்குக்கு மேல் சத்தம் கூட்டினால் குரல் மட்டும் முன்னால் வந்து கீச்சிடும், தாளம் பின்வாங்கிவிடும். என் மகன் இதைக் கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டான். கோளாறு இல்லை. இவ்வளவு சின்ன ஸ்பீக்கர் கிழிந்துவிடக் கூடாது என்று உள்ளே இருக்கும் சர்க்யூட்டே அடிச்சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. சாயங்கால ஜெபமாலைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கும் பாதிச் சத்தம் போதும். அந்த அளவில் குரல் தெளிவாகவும் இதமாகவும் இருக்கிறது.

தோட்டத்தில்தான் கதை வேறு. திறந்த வெளியில் சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை, கூரை இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் அளவில் 6 டெசிபல் போய்விடும். முன் பாத்தியில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்ள, கடைசிப் பாத்தியில் இருக்கும் அக்கா “பாட்டை நிப்பாட்டிட்டியா?” என்று கேட்பார். கடையில் இதற்கெல்லாம் 40 வாட் எடுங்கள் என்றார்கள். வாட் இரண்டு மடங்கானால் கூடுகிறது 3 டெசிபல்தான்; காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதாவது அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது கொஞ்சூண்டு. எங்கள் மோட்டார் ரூம் சுவருக்குக் காசு கேட்கவில்லை. அந்தச் சுவர் ஓரத்துச் சிமென்ட் திண்டில், உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்கு வைத்தோம். இப்போது கடைசிப் பாத்தி வரை வரிகள் புரிகின்றன. விளம்பரப் படத்தில் காட்டுவது போல மரத்தில் தொங்கவிட்டும் பார்த்தோம். தென்னையில் தொங்கினால் பார்க்க அழகாக இருக்கிறது. தாளம் காற்றோடு போய்விடுகிறது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரில் எதையும் எடை போட முடியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்னை ஓலைச் சத்தம் ஒரு பக்கம், காதுக்குள் நேராக இரையும் காற்று ஒரு பக்கம். காற்றின் இரைச்சல் கனத்த சத்தம், அதனால் அது முதலில் விழுங்குவது பாட்டின் அடிச்சத்தத்தைத்தான். குரல் தப்பிக்கும். அந்த நாட்களில் நாங்கள் குத்துப்பாட்டை விட்டுவிட்டுப் பழைய பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் மாறிவிடுகிறோம். அந்தப் பருவத்தில் பாம்பன் குந்துகால் கரைக்குக் கொண்டுபோய் முழுச் சத்தத்தில் வைத்துப் பார்த்தபோது, பத்தடி தள்ளி நின்றவருக்கே பாட்டு விட்டு விட்டுத்தான் கேட்டது. கரையில் உட்கார்ந்து கேட்க வேண்டுமானால் வள்ளத்தின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அதற்கு எந்த வாட்டும் உதவாது.

போனுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் பத்து மீட்டர் என்று போட்டிருக்கிறது. நேர்ப்பார்வையில் அதற்கு மேலும் போகிறது. ஆனால் போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தால் அதற்குள்ளேயே திக்கித் திணறும். புளூடூத் ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. போனைத் திண்டில் ஸ்பீக்கர் பக்கத்திலேயே வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் வேறு தொல்லை வந்தது. என் மதினி, ஒரு கல்யாண வீட்டில் யார் எத்தனை பவுன் போட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். நான் தொட்டதும் அது ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் பாடியது. அந்தக் கல்யாண வீட்டாரின் சொந்தக்காரப் பெண் மூன்றாவது பாத்தியில் இருந்தார். அன்றோடு சிம் இல்லாத ஒரு பழைய போனை எடுத்து, பாட்டுகளை அதில் ஏற்றி, ஸ்பீக்கருக்கென்றே ஒதுக்கிவிட்டேன். வீட்டில் உடைந்த கண்ணாடியோடு ஒரு போன் சும்மா கிடந்தால் நீங்களும் இதைச் செய்யலாம்.

இனி உப்பு.

பெட்டியைப் பிரித்த அன்றே வீட்டுக்காரர் இதை வள்ளத்துக்கு எடுத்துப் போகிறேன் என்று நின்றார். “தண்ணிக்குத் தாங்கும்னு எழுதியிருக்குல்ல?” என்றார். “நல்ல தண்ணிக்குத்தாங்க எழுதியிருக்கு” என்றேன். ஐபி67-இல் 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கு. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பதற்கு. அந்தச் சோதனையைச் செய்வது நல்ல தண்ணீரில். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கலாம், ஆனால் வெளியே சார்ஜ் துவாரத்தில் அது காய்ந்தபின் உப்பு தங்கிவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு சார்ஜ் வயரைச் செருகினால் மின்சாரமும் உப்பும் சேர்ந்து பின்னை அரித்துவிடும். பச்சை பூத்த சார்ஜர் பின் எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு கிடைக்கும். அத்தனையும் கடலில் விழுந்தவை இல்லை. ஜன்னல் ஓரம் கிடந்தாலே போதும்.

அப்புறம், வள்ளத்திலிருந்து விழுந்தால் இது முழுகும். மிதக்கும் என்று பெட்டியில் தனியாகப் போட்டிருந்தால் ஒழிய, எந்த ஸ்பீக்கரையும் முழுகும் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீருக்குத் தாங்குகிற எண் கடலடியில் கிடப்பதற்கு என்ன செய்யும்? வீட்டுக்காரர் இந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டார். அதற்கு முன் சொன்ன உப்புக் கணக்கை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கடற்கரைக்கு எடுத்துப் போய்த் திரும்பினால் நான் செய்வது இதுதான். சார்ஜ் துவாரத்து ரப்பர் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாயில் மெதுவாக நல்ல தண்ணீர் விட்டு மணலையும் உப்பையும் கழுவுகிறேன். வேகமாக அடிக்கக் கூடாது. துணியால் ஒற்றி, நிழலில் ஒரு இரவு கிடத்தி, மறுநாள்தான் சார்ஜ். மூடி இல்லாமல் துவாரம் திறந்தே இருக்கிற மாதிரிகளும் கடையில் இருந்தன. உள்ளே சீல் வைத்திருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றார்கள். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அது சரியாக இருக்கலாம், எங்கள் தீவில் மூடி இல்லாததை நான் தொடமாட்டேன். அதேபோல முன்பக்கம் இரும்பு வலை போட்டதையும் ஒதுக்கினேன். துணி வலை போட்டதுதான் வாங்கினேன். மணல் சிக்கினாலும் கழுவினால் போகிறது, துரு பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

மாமிக்கு இந்த ஸ்பீக்கர் பிடிக்கவில்லை. அவருக்கு வேண்டியது ரேடியோ. பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிபரப்பாகிற கடல் ஓசை, 90.4-இல், எங்கள் மீனவர்களுக்கென்றே நடக்கிற சமுதாய வானொலி. அது அவருக்கு வேண்டும். பொழுது சாய்ந்தால் இலங்கைப் பக்கத்துத் தமிழ் எப்எம் வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான், இடையில் மலையா இருக்கிறது? பக்கத்து வீட்டில் பேசுவது போல வருகிறது. இந்த ஸ்பீக்கரில் எப்எம் கிடையாது. போனில் இருக்கும் எப்எம்-ஐப் போட்டு அனுப்பலாம் என்றால், அதற்கு ஏரியலாக ஹெட்போன் வயரைச் செருக வேண்டும். செருகினாலும் பெரும்பாலான போன்களில் எப்எம் சத்தம் புளூடூத்தில் போகாது. சரி, மாமியின் டிரான்சிஸ்டரை வயர் போட்டு இதில் இணைக்கலாம் என்றால், 3.5 மில்லிமீட்டர் துவாரத்தையே எடுத்துவிட்டார்கள். இதைவிடப் பாதி விலையில் எப்எம் உள்ள ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குச் சார்ஜ் வயர்தான் ஏரியல், வயரை உருவினால் ஸ்டேஷன் போய்விடும். ரேடியோதான் முக்கியம் என்கிற வீட்டுக்கு, நீட்டுகிற ஏரியல் உள்ள டிரான்சிஸ்டரே மேல். மாமி அதைத் தலைமாட்டிலிருந்து நகர்த்தவில்லை, நானும் கேட்கவில்லை.

பேட்டரி பரவாயில்லை. பாதிச் சத்தத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தாங்குகிறது, முழுச் சத்தத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கே மூச்சு வாங்கும். அந்த 12 மணி நேரம் என்பது நடுத்தரச் சத்தத்துக்குப் போட்ட கணக்கு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் போடக் கூடாது. மோட்டார் ரூம் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். சார்ஜ் எப்போதும் வீட்டில்தான், ராத்திரியில்.

எரிச்சலூட்டுகிற ஒரு விஷயம். பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், முந்தின நாள் நாம் விட்ட சத்தம் எவ்வளவாக இருந்தாலும் சரி, ஆன் ஆகிவிட்டதை அதன் பாட்டுக்கு ஓங்கிச் சொல்லிவிட்டுத்தான் அடங்கும். விடியற்காலையில் வீட்டில் தூங்குகிறவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். இதை நிறுத்த வழி எதுவும் அந்தக் கையேட்டில் இல்லை. இதிலேயே போன் பேசலாம் என்றும் போட்டிருக்கிறது. தோட்டத்துக் காற்றில் எதிர்முனையில் இருப்பவருக்குப் புயல் சத்தம்தான் போகும், விட்டுவிடுங்கள்.

வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனுஷ்கோடிக்கு வருகிறவர்களில் சிலர் கார் மேல் இரண்டு ஸ்பீக்கரை வைத்து அலற விடுகிறார்கள். அங்கே வந்து இறங்குகிற பூநாரைகளுக்காக 2025-இல் அரசு அந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. பறவை பார்க்க வந்த இடத்தில் எதற்குப் பாட்டு? அலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம். ஊருக்குள் என்றாலும் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்.

இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்துப் பாட விடலாமா என்று தோட்டத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் பெரும்பாலும் அதே கம்பெனியின், ஒன்றோடொன்று சேரக்கூடிய மாதிரியாக இருக்க வேண்டும். 40 வாட் ஒன்று வாங்குவதைவிட 20 வாட் இரண்டை தோட்டத்தின் இரு முனையிலும் வைப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது, யாரும் காதைப் பொத்த வேண்டியிருக்காது. ஆனால் இரண்டாவது ஸ்பீக்கர் முதல் ஸ்பீக்கரின் அலை எட்டுகிற தூரத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் அதே புளூடூத்தில்தான் ஓடுகிறது. அடுத்த நாற்று லோடு போனால் பார்க்கலாம்.

உத்தரவாதம் ஒரு வருடம். உப்பு அரித்தால் அதில் சேராது என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. ரிப்பேர் என்றால் ராமநாதபுரத்தில் வாங்கிக்கொண்டு மதுரைக்கு அனுப்புவார்களாம். பில் வெப்பத் தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், சூட்டில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.