செம்மண் தளத்துக்கும் சிமெண்டுத் தளத்துக்கும் ஒரே காலணி போதுமா?

காரைக்குடிப் பக்கத்தில் டென்னிஸ் ஆடுகிறவர்களுக்குக் காலணி வாங்குவது சற்றுச் சிக்கலான காரியம். ஏனெனில் காலையில் செம்மண் தளத்தில் ஆடுகிற அதே ஆள், வார இறுதியில் வெறும் சிமெண்டுத் தளத்திலோ வண்ணப்பூச்சு பூசிய அக்ரிலிக் தளத்திலோ ஆட வேண்டியிருக்கிறது. கடைகளில் டென்னிஸ் ஷூ என்று எடுத்து வைப்பது பெரும்பாலும் கடினத் தளத்துக்கான காலணி. மண் தளத்துக்கென்று தனியாக ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டையும் கவிழ்த்து வைத்துப் பார்த்தாலே வேறுபாடு புரியும். மண் தளக் காலணியின் சோலில் நுனி முதல் குதிகால் வரை மீன்முள் போன்ற ஒரே வரிதான், இடைவெளி விட்டு ஆழமாக ஓடும். அந்தப் பள்ளங்கள் மண்ணைப் பற்றவும், காலைத் தூக்கும்போது பற்றிய மண்ணை உதிர்த்துவிடவும், ஓடிவந்து சறுக்கி நிற்கையில் ஒரே சீராகச் சறுக்கவும் உதவுகின்றன. கடினத் தளக் காலணியில் வரிகள் இடத்துக்கு இடம் மாறும். நடுவில் வழுவழுப்பான பகுதிகளும் இருக்கும். அதன் ரப்பர் தடிமனானது, எளிதில் தேயாதது. சிமெண்டு சற்றும் நெகிழ்ந்து கொடுக்காது என்பதால், முழங்காலுக்கு ஏறும் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தையும் அதில் கூடுதல். மேல்துணியிலும் வேறுபாடு உண்டு: கடினத் தளத்துக்கானது காற்றோட்டமாக இருக்கும், மண் தளத்துக்கானதோ புழுதி உள்ளே புகாதபடி நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கும். சித்திரை வெயிலில் பின்னதை அணிந்தால் கால் வெந்துபோகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விளம்பரங்களில் மண் தளம் என்று குறிப்பிடுவது நம் ஊர் மண்ணை அன்று. பாரிஸின் ரோலான் காரோ மைதானத்தில் சுண்ணாம்புக்கல் படுகையின் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டுமே செங்கற்பொடி தூவப்பட்டிருக்கும். நம்முடையது உருளை ஓட்டி இறுக்கிய செம்மண். அதில் செம்பொறைச் சரளையும் கலந்து கிடக்கும். ஐரோப்பிய ஆட்டக்காரர்களைப் போல நீளமாகச் சறுக்க முயன்றால் பாதியில் சரளை காலைப் பிடித்துவிடும். ஆகவே, இங்கே மண் தளக் காலணியால் கிடைக்கும் பயன் சறுக்குவதில் அதிகமில்லை; திடீரென நின்று திசை திரும்புவதில்தான் இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் ஈரம் முழுதும் காயாத தளத்தில் இது நன்றாகத் தெரியும்: கடினத் தளக் காலணியின் வரிகளில் செம்மண் அப்பிக்கொண்டு, அடிப்பாகமே வழுக்கும் பலகை போலாகிவிடும்.

ஆனால் உழைப்பில் கடினத் தளக் காலணியே முந்துகிறது. சில நிறுவனங்கள் அவ்வகையின் உயர்ரகச் சோலுக்கு ஆறு மாத உத்தரவாதமே தருகின்றன. மண் தளக் காலணியைச் சிமெண்டில் போட்டு ஆடியதில், சர்வீஸின்போது இழுபடும் காலின் பெருவிரல் பக்கம் இரண்டே மாதத்தில் தேய்ந்து எனக்கு உள்சோல் தெரிந்தது. அதைக் கடைக்காரரிடம் குறையாகச் சொல்லவும் வழியில்லை, தவறு என்னுடையது.

புல்தளக் காலணியைப் பற்றி நமக்கு அதிகம் பேச்சில்லை. விம்பிள்டனில் 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படும் புல்லில் பற்றுவதற்காகச் சோல் முழுதும் சிறு சிறு குமிழ்கள் வைத்தது அது. சிமெண்டில் அவை விரைவில் மழுங்கிவிடும். அந்தப் புல்லில்தான் நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அரையிறுதி வரை சென்றார்.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால், எல்லாத் தளத்துக்கும் என்று விற்கப்படுவதில் வரிகள் நெருக்கமாகவும் ஆழமாகவும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். வாரத்தில் நான்கு நாள் மண்ணில் ஆடுகிறவர், சிமெண்டுக்குப் பழைய ஜோடி ஒன்றை ஒதுக்கிக்கொண்டு, மண் தளக் காலணியையே வாங்கலாம். ஓட்டப்பயிற்சிக் காலணி மட்டும் வேண்டவே வேண்டாம். நேராக ஓடுவதற்கென உயர்த்திய அதன் குதிகால், பக்கவாட்டில் பாயும்போது கணுக்காலைப் பிறழச் செய்துவிடும்.

இரு தளங்களுக்கும் ஒரே ஜோடியைப் பயன்படுத்துகிறவர், செம்மண்ணில் ஆடி முடித்ததும் சோலைத் தட்டி, வரிகளில் ஒட்டியதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுக்க வேண்டும். காய்ந்த புழுதியோடு சிமெண்டில் கால் வைத்தால் முதல் ஓட்டத்திலேயே வழுக்கும்.