பொங்கல் வீடியோவை எதில் வெட்டுவது?

தாராவி 90 அடி சாலையில் தை முதல் நாள் பானைகள் வரிசையாகப் பொங்கும்போது, ஒவ்வொரு பானைக்கும் மேலே நாலு போன் நிற்கும். பாதிப் பேர் நெட்டுவாக்கில் பிடிப்பார்கள், பாதிப் பேர் படுக்கைவாட்டில். சாயந்திரத்துக்குள் எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். வீட்டில் லேப்டாப் வைத்திருக்கிற ஒருவர் தலையில் அதைக் கட்டி, “நல்லதா கோத்துக் குடுங்கண்ணே” என்பார்கள். எந்த மென்பொருளில் வெட்டிக் கோக்கலாம் என்று அந்த ஒருவருக்காக எழுதுகிறேன்.

எளிதான மென்பொருள் என்றால் பொத்தான்கள் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற கணினியில் தொங்காமல் ஓட வேண்டும். முடித்து எடுக்கும்போது படத்தின் மேல் நிறுவனத்தின் முத்திரை (வாட்டர்மார்க்) விழக்கூடாது. ‘பொங்கலோ பொங்கல்’ என்று தலைப்புப் போட்டால் கொம்பு இடம் மாறாமல் வர வேண்டும். இவை சரியாக அமைந்தால் மீதியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழகிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 11 இருக்கிறவர்கள் எதையும் தேடி அலைய வேண்டாம். கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. பழைய விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் கைவிட்டது. அந்த இடத்துக்கு, 2021-இல் வாங்கிய ஆஸ்திரேலிய நிறுவனத்தின் இந்த மென்பொருளைக் கொண்டுவந்தது. இலவசமாகவே 1080p (ஃபுல் எச்டி) தரத்தில், முத்திரை இல்லாமல் எடுக்கலாம். அதைவிடத் துல்லியமான 4கே வேண்டுமென்றால்தான் காசு. துண்டுகளை இழுத்துப் போடு, வேண்டாததை வெட்டு, பாட்டைச் சேர், முடிந்தது. இதன் தொல்லை இணையம்தான். ஆடி மழையில் கேபிள்காரர் இணைப்பு அறுந்தால் கிளிப்சாம்பைத் திறந்து வேலை செய்ய முடியாது. அப்புறம், உள்ளே இருக்கிற சில பாட்டுகளும் காட்சிகளும் சந்தா கட்டியவர்களுக்கானவை. தெரியாமல் ஒன்றைச் சேர்த்துவிட்டால் கடைசியில் படத்தை எடுக்கப்போகும்போது பணம் கேட்கும். அந்தத் துண்டை நீக்கிவிட்டால் பிரச்சினை இல்லை.

“டாவின்சி ரிசால்வ் இலவசம்தானே, அதையே போடலாமே?” என்று கம்ப்யூட்டர் படிக்கிற பையன்கள் கேட்பார்கள். இலவசம்தான். திரைப்படங்களுக்கு நிறம் திருத்தப் பயன்படுகிற மென்பொருள் அது. இலவசப் பதிப்பிலேயே 4கே வரை முத்திரையில்லாமல் எடுக்கலாம்; 295 டாலர் ஸ்டூடியோ பதிப்புக்கு உரிய விளைவுகளைத் தொடாத வரை பைசா கேட்காது. அதற்குள் 2019-இல் வந்த ‘கட்’ பக்கம் வேகமாக வெட்டுவதற்கென்றே அமைத்தது. புதியவர்கள் அங்கேயே தங்கிவிட்டாலும் போதும். ஆனால் 16 ஜிபி ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் இல்லாத லேப்டாப்பில் இதைப் போடுவது லேப்டாப்புக்குச் செய்கிற கொடுமை. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற லேமிங்டன் ரோட்டுக்குப் போய் ரேம் கூட்டிவிடலாம், பெரும்பாலான லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் அட்டையைக் கூட்ட முடியாது. வருஷத்துக்கு ஒரு பொங்கல், ஒரு வளைகாப்பு, ஒரு பள்ளி ஆண்டுவிழா என்று வெட்டுகிற வீட்டுக்கு இது தேவையில்லை என்பது என் கட்சி.

பழைய லேப்டாப், நெட்டும் சுமார் என்றால் ஷாட்கட். திறமூல மென்பொருள், முழு இலவசம், கணக்குத் தொடங்கச் சொல்லாது. முகம் கொஞ்சம் கரடுமுரடு, உள்ளே இருக்கிற பொத்தான்களின் பெயர்களும் விளங்காது. ஆனால் எனக்கு இதில்தான் மரியாதை, அதற்குக் காரணம் திரையில் வருகிற ஒரே ஒரு எச்சரிக்கைப் பெட்டி. போன் கேமரா நொடிக்கு எத்தனை பிரேம் (தனித்தனிப் படம்) என்பதை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். அப்படிப்பட்ட கோப்பைச் சில மென்பொருள்கள் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். வெட்டிக்கொண்டே போனால் பத்தாவது நிமிடத்தில் குலவைச் சத்தம் ஒரு பக்கம், வாய் அசைவது ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஷாட்கட் அந்தக் கோப்பைத் திறந்த உடனேயே எச்சரித்து, வெட்டுவதற்கு ஏற்றதாக மாற்றட்டுமா என்று கேட்கிறது. சரி என்று சொல்லிவிட்டு டீ போடப் போகலாம். நெட்டுவாக்கில் எடுத்த துண்டுகளின் இரண்டு பக்கமும் விழும் கறுப்புப் பட்டைகளை, அதே காட்சியை மங்கலாக்கி நிரப்பவும் இதில் ஒரு வடிப்பான் (ஃபில்டர்) உண்டு. நெட்டும் படுக்கையும் கலந்து கிடக்கும் நம் வீட்டுப் படங்களுக்கு இது பெரிய உதவி.

மேக் வைத்திருந்தால் ஐமூவி. இலவசம், நிதானமானது. ஆனால் படுக்கைவாட்டுப் படத்துக்கென்றே செய்தது. ரீல்ஸ் மாதிரி நெட்டுவாக்கில் வேண்டும் என்றால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஃபில்மோரா பார்க்க அழகு, பழகவும் சுலபம். ஆனால் இலவசமாக எடுக்கிற படத்தில் முத்திரை குத்திவிடும். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து வெட்டி முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம்.

தமிழ் எழுத்து விஷயத்தில் எந்தப் பெயரையும் நம்பாதீர்கள். காசு கொடுத்து வாங்குகிற பிரீமியர் புரோவிலேயே அமைப்புகளுக்குள் போய் தெற்காசிய எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும். அதனால் முதல் துண்டை வெட்டும் முன்பே ‘பொங்கலோ பொங்கல்’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டினால் எழுத்துருவை நிர்மலா யுஐக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் மசியவில்லை என்றால் தலைப்பை வேறு இடத்தில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, காட்சியின் மேல் வைத்துவிடுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எதில் வெட்டினாலும் மூலக் கோப்பு நன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கித்தான் அனுப்பும். அதே கோப்பை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் 2 ஜிபி வரை அப்படியே வரும். மைனி, சித்தி எல்லோருக்கும் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை, ஆனால் அதற்குப் பலன் உண்டு.

லேப்டாப்பே இல்லையா? போனிலேயே வெட்டலாம். கேப்கட் செயலி இந்தியாவில் கிடையாது, குறுக்குவழி தேட வேண்டாம். விஎன் செயலி முத்திரை குத்துவதில்லை. இன்ஷாட் குத்தும், விளம்பரம் பார்த்தால் எடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் கூகுளின் யூடியூப் கிரியேட்டும் இலவசம். இரண்டு மூன்று நிமிடப் படத்துக்கு இவை தாராளம். அதற்கு மேல் போனால் விரலுக்கும் கண்ணுக்கும் வலிதான், இடமும் பற்றாது: ஐபோனில் 30 பிரேமில் எடுத்த 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். அடுத்த பொங்கலுக்கு எல்லோரையும் 1080p-யில் எடுக்கச் சொல்லுங்கள்.