916 தங்கத்தின் நிறத்தில் ஒரு நகப்பூச்சு

தங்க நிற நகப்பூச்சுகளில் பெரும்பாலானவை நம் கைக்குப் பொருந்துவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. கடைத்தொகுதிகளில் கிடைப்பவற்றுள் பல, எலுமிச்சைச் சாயல் கொண்ட வெளிறிய மஞ்சளாகவோ வெள்ளி கலந்த மங்கிய பொன்னாகவோ இருக்கின்றன. மாநிறக் கைகளிலும் அதைவிடக் கருத்த கைகளிலும் அவற்றைப் பூசினால் விரல்களே களையிழந்து தெரிகின்றன. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை நகைக்கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் நாம் பார்த்துப் பழகிய 916 தங்கத்தின் நிறம், அதாவது 22 காரட்டுக்கே உரிய, சற்றே செம்மை ஓடிய அடர்மஞ்சள், ஒரு குப்பிக்குள் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான், சிறிய அளவில் தாமே கலந்து விற்கும் ஒரு தனித் தயாரிப்பாளரின் கிளிட்டர் பூச்சு கண்ணில் பட்டது. 10 மில்லிலிட்டர் குப்பி 19 வெள்ளி. சாதாரணப் பூச்சோடு ஒப்பிட்டால் விலை கூடுதல்தான், ஆனால் அந்த நிறத்திற்காகவே தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தேன் நிறத் திரவத்துக்குள் மூன்று அளவிலான அறுகோணத் துகள்கள் தெரிந்தன. அவற்றுக்கிடையே மாவு போன்ற நுண்துகள்கள் செம்பு நிறத்தில் மின்னின. அந்தச் செம்புதான் இந்தப் பூச்சின் உயிர். வெறும் மஞ்சளாக நின்றுவிடாமல் நிறத்துக்கு ஓர் ஆழத்தைத் தருவது அதுவே. கிளிட்டர் துகள் என்பது பெரும்பாலும் மிக மெல்லிய அலுமினியப் படலம் ஏற்றிய பாலியெஸ்டர் தாள். தாள் வீணாகாமல் வெட்ட வசதியான வடிவம் என்பதால்தான் அது அறுகோணமாக இருக்கிறது. அலுமினியத்தின் வெள்ளி நிறத்துக்கு மேல் ஏற்றப்படும் சாயம்தான் அதைப் பொன்னாக்குகிறது. மலிவான துகள்களில் இந்தச் சாயம் பூச்சிலுள்ள கரைப்பானில் கரைந்து இறங்கிவிடும். துகள் வெளிறி ஓரம் சுருண்டுகொள்ளும். இந்தக் குப்பி பல வாரங்களாக என் மேசைமீது இருந்தும் திரவத்தின் நிறம் மாறவில்லை, துகள்களும் தட்டையாகவே இருக்கின்றன. தயாரிப்பாளர் நல்ல துகளைத் தேடி வாங்கியிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறை ஒன்று உண்டு. பெரிய துகள்கள் அடியில் தங்கிவிடுகின்றன. துகள்களை மிதக்கவைக்க ஹெக்டோரைட் எனப்படும் ஒருவகைக் களிமண்ணிலிருந்து பெறும் பொருளை நகப்பூச்சில் சேர்ப்பது வழக்கம். இதில் அது இன்னும் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கலாம். உள்ளே சிறு எஃகுக் குண்டுகள் போட்டிருப்பதால், குப்பியை இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினாலே துகள்கள் மேலெழுந்துவிடுகின்றன. வேகமாகக் குலுக்கினால் காற்றுக் குமிழிகள் சேரும்.

தூரிகையை இழுத்துப் பூசினால் துகள்கள் நகத்தின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகின்றன. ஒற்றி ஒற்றி வைத்தால் சீராகப் படிகின்றன. வெறும் நகத்தில் முழுமையாக மறைக்க மூன்று பூச்சு வேண்டும். அதைவிட, மருதாணிச் சிவப்பிலோ பழுப்பிலோ ஒரு பூச்சுக் கொடுத்து, அது காய்ந்தபின் இதை ஒருமுறை ஒற்றுவதே எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. துகள்களின் இடைவெளியில் அடியிலுள்ள சிவப்பு எட்டிப்பார்க்கும்போது, கல் பதித்த பழைய நகைகளின் சாயல் வந்துவிடுகிறது. தீபாவளிக்குப் பட்டு உடுத்துபவர்கள் இதை அவசியம் செய்து பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பூச்சிலுள்ள எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. மழை நாளில் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சு மங்கிப்போகக்கூடும். குளிர்சாதனம் ஓடும் அறையில் அமர்ந்து, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே பொறுமையாகக் காத்திருப்பது நல்லது. காய்ந்த பரப்பு சொரசொரப்பாக இருக்கும், துப்பட்டாவின் இழையும் தலைமுடியும் அதில் சிக்கும். ஆகவே அதை மூடும் நிறமற்ற மேற்பூச்சு இரண்டு முறை கட்டாயம் தேவை.

கையால் சோறு பிசைந்து உண்டு, பாத்திரமும் கழுவும் கைகளில் இது எப்படித் தாங்குகிறது என்பதே எனக்கு முக்கியமாகப்பட்டது. நகநுனிகளில் சிறிது தேய்ந்ததே தவிர, எங்கும் உரிந்து வரவில்லை. வெளிர்நிறப் பூச்சுகளில் மஞ்சள்தூள் கறை ஏறி அசிங்கமாகிவிடுவதை நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிவர். இந்தத் தங்கத்தின்மேல் குழம்பின் மஞ்சள் கண்ணுக்கே தெரியவில்லை.

உடல்நலம் கருதிப் பலர் தவிர்க்கும் வேதிப்பொருள்களான தொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் சேர்க்கப்படவில்லை என்று குப்பியின் சீட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். இங்கு விற்கப்படும் அழகுசாதனப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவித்திருக்க வேண்டும் என்பதால், வாங்குமுன் அதைப் பற்றி விற்பனையாளரிடம் கேட்டேன். தயக்கமின்றி விவரம் தந்தார். சிறு தயாரிப்பாளர்களிடம் வாங்குபவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அகற்றுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. சாதாரணப் பூச்சைத் துடைப்பதுபோல் துடைத்தால் இது அசையாது. அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்றி, 10 நிமிடம் விட்டுவிட்டு அழுத்தி இழுத்தால் துகள்கள் பஞ்சோடு வந்துவிடும். சுரண்டி எடுத்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரியும். துகள் பிளாஸ்டிக் என்பதால் கையைக் குழாயடியில் கழுவுமுன் எஞ்சியவற்றையும் பஞ்சிலேயே துடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள். அசிட்டோன் நகத்தையும் சுற்றியுள்ள தோலையும் வறளச்செய்யும். உடனே சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, அடுத்த பூச்சுக்கு முன் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். எண்ணெய்ப்பசை இருந்தால் அடிப்பூச்சு பிடிக்காது.