கொலைகாரனை ஒளிப்பதா, முதலிலேயே காட்டிவிடுவதா?

அண்மையில் எங்கள் திருகோணமலையில் நாங்கள் பலர் ஆவலோடு போய் முகம் வாடித் திரும்பிய சஸ்பென்ஸ் படம் ஒன்று, தொடக்கம் முதல் ஒரே கேள்வியை நம்பியிருந்தது: கொன்றது யார்? விடையாக வந்தவர் திரைக்குள் நுழைவதே கடைசி இருபது நிமிடத்தில்தான். அவருக்கு ஒரு சிறுவயதுத் துயரம், நீண்ட பிளாஷ்பேக். அதுவரை பார்த்த எந்தக் காட்சிக்கும் அதோடு ஒட்டில்லை.

கோபம் நியாயமானதுதான். ஆனால் ஏமாற்றத்தில் பாதி படம் தொடங்கும் முன்பே விதைக்கப்பட்டுவிடுகிறது. "கிளைமாக்ஸை யாராலும் ஊகிக்க முடியாது" என்று விளம்பரமே சொல்லிவிட்டால், பார்க்கிறவர் கதையை விட்டுவிட்டு ஊகிக்கத்தான் தொடங்குவார். சாதுவாக வருகிறவர் மேல் சந்தேகம். தெரிந்த நடிகர் சின்ன வேடத்தில் வந்தால் இன்னும் சந்தேகம். இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கும்போதே ஆளுக்கொரு பெயர் சொல்லியாயிற்று. அத்தனை ஊகங்களையும் விடச் சிறந்த ஒன்றைப் படம் தரவேண்டும், பெரும்பாலும் தருவதில்லை.

ஒளிக்கும் வகையில் எனக்கு இன்றும் உயர்ந்தது எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). பாட்டு இல்லை, நடனம் இல்லை. வானொலிப் பொறியியலாளன் ராஜனாக வரும் சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார். விசாரிக்கப்படுகிறவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, ராஜன் ஒவ்வொருவர் வாயிலும் வேறொரு மனிதனாகத் தெரிகிறான். அதனால் "யார்" என்பதைவிட "இவன் எப்படிப்பட்டவன்" என்பதே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. முடிவு தெரிந்து பார்த்தாலும் படம் தேய்வதில்லை. கதை ஜப்பான் சென்னையில் குண்டு போட்ட 1943இல் நடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் அதே ஜப்பானின் விமானங்கள் தாக்கிய துறைமுகம் எங்களுடையது. அந்த ஊரடங்கிய பயம் எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் தெரியும்.

காட்டிவிடும் வகைக்கு 'பாபநாசம்' (2015). யார் கொன்றது, ஏன் என்பதெல்லாம் பாதிப் படத்துக்குள் தெரிந்துவிடும். பிறகு நாயகன் சுயம்புலிங்கத்தின் குடும்பம் பொலிஸில் மாட்டிவிடுமா என்ற தவிப்புத்தான். கடைசிவரை ஒளித்துவைக்கும் ரகசியம் அதிலும் ஒன்று உண்டு, ஆனால் படம் அதன் தயவில் நிற்கவில்லை. முழுக்கதையையும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டிருந்தாலும், சின்ன மகளை அடித்து விசாரிக்கும் இடத்தில் வயிறு கலங்கத்தான் செய்யும்.

என் ஓட்டு இரண்டாவது வகைக்கே. முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் முடிவு வட்ஸ்அப்பில் வந்துவிடும் காலம் இது. ஒரே ஒரு ரகசியத்தை நம்பி எடுத்த படம் மறுநாள் போகிறவருக்கு வெறும் கூடு. ஒளித்தே ஆகவேண்டுமென்றால் குற்றவாளியை முதல் அரை மணி நேரத்துக்குள் கண்ணில் காட்டுங்கள், துப்புகளை நேர்மையாக வையுங்கள். ஊகத்தில் நாங்கள் தோற்றாலும் "அட, இதைக் கவனிக்கவில்லையே" என்று சொல்ல வைத்தால் போதும், நாங்கள் இன்னொரு டிக்கெட் எடுப்போம்.