18,500 ரூபாய்க்கு ஒரு போலி வெஸ்பாசியன்

நேற்று மாலைதான் உறுதியானது. ஆத்திரத்தில் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18,500 ரூபாய் போச்சு.

பழைய நாணயங்களை ஏலம் விடும் ஓர் இணையதளம். அதில் ரோமப் பேரரசர் வெஸ்பாசியனின் செஸ்டர்ஷியஸ், அதாவது பெரிய ரோமக் காசு, ஒன்று வந்தது. பின்பக்கம் பேரீச்ச மரம், அடியில் தலையைத் தாங்கி அழும் யூதப் பெண். கி.பி. 70இல் எருசலேம் விழுந்ததை ரோம் அடுத்த ஆண்டே காசில் அடித்துச் சந்தைக்கு விட்ட அதே வகை. உள்நாட்டுப் போரில் அரியணை பிடித்த ஆள் வெஸ்பாசியன். சொல்லிக்கொள்ளப் பரம்பரைப் பெருமை கிடையாது, இந்த வெற்றிதான் விளம்பரம். பல வருடமாக எனக்கு இதன் மேல் ஒரு கண்.

விற்பவனைப் போனில் பிடித்தேன். “பழைய ரோம ஊரு பொம்பெயில ஒரு கடைச் சுவத்துல விலை எழுதியிருக்கு சார். ஆஸ்னா சின்ன ரோமக் காசு. ஒரு ஆஸுக்கு சாதா ஒயின், நாலு ஆஸுக்கு ஃபலேர்னியன்னு உசத்தி ஒயின். நாலு ஆஸ்னா ஒரு செஸ்டர்ஷியஸ். அந்த ஃபலேர்னியன் விலை உங்க கைக்கு வரப்போகுது” என்றான். அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு படித்தவன் ஏமாற்றுவானா? உடனே யூபிஐயில் 18,500 அனுப்பினேன். அவன் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, அதுதான் எரிகிறது. காசு மட்டும்தான் பொய்.

என்னிடம் இருப்பதெல்லாம் கரூர் அமராவதி ஆற்றில் கிடைக்கிற மாதிரியான சின்னச் செப்புக் காசுகள், சுண்டுவிரல் நகம் அளவு. பெரிய ரோமக் காசைக் கையில் எடுத்ததே இல்லை. அதனால் வந்ததும் சந்தேகம் வரவில்லை. நேற்று தெரிந்த நகைக்கடையில் எடை போட்டால் 17 கிராம். சுமார் 25 இருக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு. சுத்தியலால் அடித்த காசில் அது எப்படி வரும்? அச்சில் ஊற்றி வார்த்திருக்கிறார்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சில் ‘2000 வருடப் பச்சை’ அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது.

“தேய்மானம் சார்” என்றான் முதலில். “பார்த்துத்தானே வாங்கினீங்க” என்றான் அப்புறம். இப்போது எடுப்பதில்லை. தளத்துக்கு எழுதினால் “நாங்கள் இடைத்தளம் மட்டுமே, விற்பவரை அணுகவும்”. மறுபடி எழுதினேன், அதே பதில், கமா உட்பட.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. எடையை எழுத்தில் வாங்குங்கள். விளிம்பைப் படம் கேளுங்கள். விற்பவனே அச்சடித்த சான்றிதழை நம்பாதீர்கள், என்னிடமும் ஒன்று இருக்கிறது.

இப்போது அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே வெஸ்பாசியன், கன்னத்தில் அதே கீறலோடு மறுபடி ஏலத்தில். என்னுடையது மேசை மேல் கிடக்கிறது. இந்த முறை 21,000.