கைக்குழந்தையோடு ஊருக்கு: ஒரே வீட்டில் தங்குவதா, வீடு வீடாகப் போவதா?

வெளிநாட்டிலிருந்து குழந்தையோடு சொந்த ஊருக்குப் போக 14 நாள் விடுப்பு எடுத்தால் கையில் மிஞ்சுவது 14 நாள் அல்ல. போக ஒரு நாள், வர ஒரு நாள். நேர வித்தியாசம் எட்டு மணி நேரம் என்றால் முதல் ஐந்து நாள் குழந்தை இரவில் விளையாடும், பகலில் தூங்கி வழியும். அவற்றை அரை அரை நாளாகத்தான் எண்ண வேண்டும். கடைசி நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். ஆக, எல்லோரும் தெம்பாக இருக்கும் நாட்கள் எட்டு, மிஞ்சினால் ஒன்பது.

இதில் ஒவ்வொரு வீடு மாறுதலும் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். காலையில் மூட்டை கட்டுவது, நடுப்பகலில் பயணம், புது இடத்தில் முதல் இரவு அரைகுறைத் தூக்கம், அதன் விளைவாக மறுநாள் காலை அழுகை. நாலு வீடு என்றால் மூன்று இடமாற்றம், மூன்று நாள் போச்சு. மிஞ்சும் ஐந்து நாளில்தான் தாத்தா பாட்டி பேரக்குழந்தையின் சிரிப்பைப் பார்க்க வேண்டும். அதனால் திட்டம் போடும்போது முதலில் எண்ண வேண்டியது எத்தனை பேரைப் பார்க்கப் போகிறோம் என்பதை அல்ல, குழந்தை எத்தனை படுக்கை மாறப் போகிறது என்பதை.

வீடு வீடாகப் போனால்

இதற்கு ஆதரவாகச் சொல்ல நியாயமான காரணங்கள் உண்டு. யாருக்கும் மனக்குறை வராது. நடமாட முடியாத பெரியவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்துவிடலாம். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகள் இதைக் கொண்டாட்டமாகவே எடுத்துக்கொள்வார்கள். அத்தகைய பிள்ளைகள் மட்டும் இருக்கும் குடும்பத்துக்கு இந்த வழியில் தவறில்லை.

நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் கதை வேறு. பெரும்பாலும் பிசகுவது பகல் தூக்கத்தில்தான். காலை பதினொரு மணிக்கு வண்டியில் இருபது நிமிடம் கண்ணயரும். அந்தக் குட்டித் தூக்கம் போதும், மதியம் படுக்க மறுத்துவிடும். மாலை ஐந்து மணிக்குக் களைப்பு தலைக்கேறும். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை சீக்கிரம் தூங்கிவிடும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. தூங்க நேரமாகும், இரவில் அடிக்கடி விழிக்கும். இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் சாப்பாடு குறையும், மலச்சிக்கல் வரும். குடும்பத்தார் இதற்குத் தண்ணீரைக் குறை சொல்வார்கள், திருஷ்டி என்பார்கள். நாள் கணக்கில் சேர்ந்துபோன தூக்கக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படித்தான் போயாக வேண்டும் என்றால் இரண்டு விதிகளையாவது விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்கும் வீட்டில் தங்கவே வேண்டாம். பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். வண்டியில் கிளம்புவது மதிய உணவு முடிந்த கையோடு இருக்கட்டும். வழக்கமான பகல் தூக்கமும் பயணமும் ஒன்றாக முடியும். கைக்குழந்தையை கார் சீட்டில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், அதற்கு மேற்பட்ட தூரமென்றால் நடுவில் இறக்கி, படுக்க வைத்து, பால் கொடுத்து, பிறகு கிளம்ப வேண்டும். கூகுள் மேப் மூன்று மணி நேரம் என்று காட்டினால் உங்களுக்கு அது நாலரை.

ஒரே வீட்டில் தங்கி எல்லோரையும் வரவழைத்தால்

குழந்தைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒரே படுக்கை, ஒரே சாப்பாட்டு நேரம், மூன்றாம் நாளே வீடு பழகிவிடும். ஆனால் பாரம் முழுக்க அந்த வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. வயதான தாய் இரண்டு வாரமும் வந்தவர்களுக்குச் சமைத்தபடியே இருப்பார். பேரப்பிள்ளையோடு உட்கார நேரம் இராது. வருகிறவர்களும் அவரவர் வசதிக்கு வருவார்கள்: ஒருவர் காலை ஒன்பதுக்கு, இன்னொருவர் இரவு ஒன்பதுக்கு.

இதற்கு ஒரே மாற்று, சந்திப்பு நாட்களை முன்கூட்டி அறிவித்துவிடுவது. 14 நாள் பயணத்தில் இரண்டு நாள் போதும்: வந்து சேர்ந்த ஆறாம் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் ஒன்று. நேரம் காலை 10.30 முதல் 12.30 வரை, மாலை 4 முதல் 6.30 வரை. இடையில் வரும் நேரம் குழந்தையின் தூக்கத்துக்கு. சாப்பாட்டை வெளியே சொல்லிவிடுங்கள். கதவு சாத்தக்கூடிய ஓர் அறை குழந்தைக்கென்று இருக்கட்டும்; கைமாறிக் கைமாறிக் களைத்த குழந்தையை அங்கே கொண்டுபோய் அரை மணி நேரம் அமைதியாக விடலாம். ஒரு மாதம் முன்பே குடும்ப வாட்ஸாப் குழுவில் இதைச் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வந்திறங்கிய பிறகு சொன்னால்தான் "பெரிய மனுஷங்க ஆயிட்டாங்க" என்ற பேச்சு வரும்.

பிறந்து சில மாதமே ஆன குழந்தை என்றால் கூடுதல் கண்டிப்பு தேவை. காய்ச்சல், சளி இருப்பவர்கள் இன்னொரு நாள் வரட்டும். முகத்தில் முத்தம் வேண்டாம். குறிப்பாக உதட்டில் கொப்புளம் இருப்பவர்கள் பச்சிளம் குழந்தையை முத்தமிடவே கூடாது, அந்த வைரஸ் அந்த வயதில் உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எத்தனை உறவினர் கூடியிருந்தாலும் சரி.

இரண்டு வீடு: பெரும்பாலோருக்குப் பொருந்துவது

கணவர் வீடு, மனைவி வீடு என்று இரண்டு பக்கமும் பெற்றோர் இருக்கும்போது ஒரே வீடு என்பது ஏட்டுக்குத்தான் நன்றாக இருக்கும். எங்கள் தேர்வு இரண்டு வீடு, ஒரே ஒரு இடமாற்றம். இதில் சண்டை வருவது நாட்களைப் பங்கிடுவதில். 12 இரவை ஆறு ஆறாகப் பிரித்தால் நியாயம் போலத் தெரியும். உண்மையில் முதல் வீட்டுக்குக் கிடைப்பது நேரக் குழப்பத்தில் அழும் குழந்தை; இரண்டாம் வீட்டுக்குக் கிடைப்பது ஊர் பழகிச் சிரிக்கும் குழந்தை. அதனால் முதல் வீட்டுக்கு ஏழு, இரண்டாம் வீட்டுக்கு ஐந்து என்பதே சரியான பங்கு. அடுத்த முறை வரிசையை மாற்றுங்கள். இதை இரு வீட்டாரிடமும் காரணத்தோடு சொல்லிவிடுவது நல்லது.

தூரம் எல்லாவற்றையும் மீறி ஒரு விஷயத்தைத் தீர்மானிக்கும்: விமான நிலையத்துக்கு அருகில் இருக்கும் வீடு கடைசியில் வரட்டும். திரும்பும் நாளில் நீண்ட சாலைப் பயணமும் நீண்ட விமானப் பயணமும் சேர்ந்தால் குழந்தையும் தாங்காது, பெரியவர்களும் தாங்க மாட்டார்கள்.

பெற்றோர் வீடா, பக்கத்தில் வாடகை வீடா

ஒரே குழந்தையோடு போகிறவர்களுக்குப் பெற்றோர் வீடே மேல். இரவில் ஒரு கை உதவிக்கு இருக்கும், அதற்கு விலையே இல்லை. அக்கா தம்பி குடும்பங்களும் அதே சமயம் வந்து, ஒரே குளியலறைக்குப் பத்துப் பேர் வரிசை என்றால், நடக்கும் தூரத்தில் வாடகைக்கு ஓர் இடம் பிடித்து இரவுக்கு மட்டும் அங்கே போங்கள். பகல் முழுக்கப் பெற்றோரோடு இருந்தால் அவர்கள் வருத்தம் ஓரிரு நாளில் ஆறிவிடும். வாடகை இடத்தில் துணி துவைக்கும் இயந்திரமும் வெளிச்சத்தை மறைக்கும் திரையும் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் வீட்டில் உண்மையான அபாயம் வேறு. பல வருடமாகக் குழந்தை இல்லாத வீடு அது. மேசை மேல் மாத்திரை டப்பா திறந்து கிடக்கும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெரியவர்கள் சாப்பிடும் சில மாத்திரைகளில் ஒன்றிரண்டை விழுங்கினாலே தவழும் குழந்தையின் உயிர் ஊசலாடும். ரிமோட், எடை பார்க்கும் கருவி, இசை வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இருக்கும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துப் புண்ணாக்கிவிடும். குளியலறையில் நிரப்பி வைத்த வாளியில் சில அங்குலத் தண்ணீரே போதும், தலைகீழாக விழுந்த குழந்தையால் எழ முடியாது. ஆகவே வந்திறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில், பெட்டியைத் திறக்கும் முன், ஒருவர் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முட்டிபோட்டு வீட்டைச் சுற்றி வர வேண்டும். மாத்திரைகள் உயரத்துக்கு, வாளிகள் கவிழ்த்து, படிக்கட்டுக்கு ஒரு தடுப்பு. தாத்தா பாட்டியிடம் போனிலேயே சொல்லிவைத்தாலும் இந்தச் சுற்றை விடாதீர்கள்.

விமானம்

நேரடி விமானமும் இறங்கி மாறும் விமானமும் போட்டியிட்டால், விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருக்கும்வரை நேரடி விமானம்தான். ஒவ்வோர் இறக்கமும் தூங்கும் குழந்தையை எழுப்பும், காதை வலிக்கச் செய்யும். இறங்கத்தான் வேண்டும் என்றால் இடைவெளி மூன்று முதல் நாலு மணி நேரம் இருக்கட்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் ஸ்ட்ரோலர் வர இருபது நிமிடம், டயப்பர் மாற்றப் பத்து நிமிடம், பாதுகாப்புச் சோதனை வரிசை என்று அடுத்த விமானம் போயே போய்விடும். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்து மிச்சம் பிடிக்கும் எண்ணம் குழந்தையோடு வேண்டவே வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். சில நாடுகளில் அதற்காகவே விசா கேட்பார்கள்.

மடியிலா, தனி இருக்கையா? இரண்டு வயதுக்குள் மடிக்குழந்தைக்குக் கட்டணம் குறைவு. பயணத்தின் நடுவில் இரண்டாம் பிறந்தநாள் வந்தால் திரும்பும்போது தனி இருக்கை எடுக்க வேண்டும். பலர் இதைக் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். பேசினெட், அதாவது முன்வரிசை இருக்கைக்கு எதிரே சுவரில் மாட்டும் குழந்தைத் தொட்டில், கேட்டு வாங்குகிறவர்கள் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பல இடங்களில் 10 அல்லது 11 கிலோவைச் சுற்றி. விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்கும் குழந்தையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். அந்த முன்வரிசையில் கைப்பிடிகள் பெரும்பாலும் மேலே தூக்க வராது, கைப்பையைக் காலடியில் வைக்கவும் முடியாது. ஆறு மாதத்துக் குழந்தைக்கு அது வரம். பதினெட்டு மாதத்துக் குழந்தைக்குப் பெரும்பாலும் வீண். பாதுகாப்பு என்று பார்த்தால் தனி இருக்கை எடுத்து, விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற முத்திரை உள்ள கார் சீட்டைப் பொருத்துவதே முதலிடம். அதே சீட் ஊரில் வண்டிக்கும் உதவும். வாடகைக்கு வாங்கும் சீட் எத்தனை விபத்தைப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது.

காதுவலி தரையிறங்கும்போதுதான் அதிகம். விமானம் இறங்கத் தொடங்குவது ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பே. பாலையோ தண்ணீர்க் குவளையையோ அப்போது கொடுங்கள். சக்கரம் தரையைத் தொடும்போது கொடுத்துப் பயனில்லை.

காலையில் சேரும் விமானமா, மாலையில் சேருவதா என்றால் மாலை. குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, இருட்டிய அறையில் படுக்க வைக்கலாம். காலையில் இறங்கினால் பன்னிரண்டு மணி நேரப் பகலை எல்லோரும் தூக்கக் கலக்கத்தோடு ஓட்ட வேண்டும். நள்ளிரவில் விழித்தால் விளக்கைப் போடாமல், போன், டிவி திரையைக் காட்டாமல், பசித்தால் கொஞ்சம் கொடுத்து மறுபடி படுக்கையிலேயே வைத்திருங்கள். பகல் தூக்கத்திலிருந்து மாலை நாலு மணிக்குள் எழுப்பிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் எழுப்புங்கள்.

மருந்துப் பெட்டி

சொந்த ஊர்தானே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. பெற்றோருக்கு அந்த ஊர்க் கிருமிகள் பழகியிருக்கலாம், வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இல்லை. நாலு முதல் ஆறு வாரம் முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்து டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ பற்றிக் கேளுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தட்டம்மை தடுப்பூசியைப் பயணத்துக்காக முன்கூட்டியே போடுவதுண்டு. பிறகு வழக்கமான தவணைகளையும் போட வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டா, வீட்டில் கலக்கும் சர்க்கரை உப்புக் கரைசலா? பாக்கெட்தான். அதில் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும், அளவும் பிசகாது. பத்துப் பாக்கெட் கொண்டுபோங்கள். எத்தனை மில்லி தண்ணீர் என்று உறையில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். பாக்கெட் கிடைக்காத நள்ளிரவில் மட்டும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, சந்தேகமிருந்தால் கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் உள்வாங்கியிருக்கிறது என்றால் மருத்துவமனைக்கு.

டயப்பரைப் பொறுத்தவரை பயண நேரத்துக்கு இரண்டு மணிக்கு ஒன்று, அதில் பாதி கூடுதல். 20 மணி நேரப் பயணத்துக்கு 15. ஊரில் முதல் மூன்று நாளுக்கு எடுத்துக்கொண்டு மற்றதை அங்கே வாங்குங்கள். பால்மாவு மட்டும் பயணம் முழுமைக்கும் கொண்டுபோக வேண்டும், அதே பெயரில் வேறு நாட்டில் விற்கும் டப்பாவில் கலவை வேறாக இருக்கலாம்.

திரும்பும் டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு எடுப்பதைவிட வியாழன் அல்லது வெள்ளிக்கு எடுங்கள். விடுப்பில் ஒன்றிரண்டு நாள் குறையும். ஆனால் திங்கட்கிழமை காலை பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும்போது குழந்தைக்கு இரண்டு இரவாவது அதன் சொந்தக் கட்டிலில் கழிந்திருக்கும்.